தகவல் முகாமைத்துவப் பயிற்சிக்கு எம்.எஸ்.ஓ. விண்ணப்பிக்கலாமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக (எம்.எஸ்.ஓ.) இருக்கிறேன், பதிவறை என் பொறுப்பு. 78 சூறாவளியில் நனைந்த கோவைகளும் நேற்று வந்த கடிதங்களும் ஒரே றாக்கையில்தான் கிடக்கின்றன. கொழும்பில் ஸ்லிடா (இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவனம்) மாதிரி இடங்களில் நடக்கிற ஆவண, தகவல் முகாமைத்துவப் பயிற்சிக்குப் போட ஆசை. "அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்று சீஃப் கிளாக் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நேரடியாக அனுப்பலாமா? தம்பி அம்பாறையில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் கம்பியூட்டர் வேலை செய்கிறான், அவனும் போடலாமா?

கல்லடிப்பாலம்:
நேரடியாக அனுப்பாதீங்க தங்கச்சி, திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். யாருக்குத் தகுதி என்பதை சீஃப் கிளாக் சொல்லத் தேவையில்லை, அறிவித்தலில் பதவியும் தரமும் போட்டிருக்கும், அதை வாசியுங்க.

"அறிவை வளர்த்துக்கொள்ள" என்று காரணம் எழுதினால் ஒருத்தரும் அசைய மாட்டார். உங்கள் கடமைப் பட்டியலில் பதிவறை இருக்கிறதா, அதன் பிரதியை இணையுங்க. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்க. சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3இல் இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 வருடம், அதற்குப் பிறகு உருவானவற்றை உருவான நாளிலிருந்து 12 வருடம் வைத்திருக்கவேண்டும், அதுவும் அட்டவணைப்படுத்தி. ஒருவர் காணி அனுமதிப்பத்திரக் கோவையைக் கேட்டால், கொடுக்கிறோமா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். அந்தக் கோவையைத் தேடி எடுக்கப்போவது நீங்கள்தானே? இதை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் சிபாரிசு பண்ண மாட்டேன் என்று சொல்ல திணைக்களத் தலைவருக்கே கஷ்டம்.

அக்கரைப்பற்று காக்கா:
தம்பி என்றால், அவருடைய கட்டளை அதிகாரி விடுவித்தால்தான் போகலாம். சீருடைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும், தேசிய பாதுகாப்புக்குக் கேடு வருவதை 5ஆம் பிரிவில் மறுக்கலாம், அவ்வளவுதான். எதை மறுப்பது எதைக் கொடுப்பது என்று பிரிக்கத் தெரிந்த ஆள் அங்கேயும் வேண்டுமே. பட்டப்படிப்பு என்ற யோசனை இருந்தால் இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சிவிலியன்களையும் எடுக்கிறது, ஆனால் காசு கட்டவேண்டும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன், நன்றி காக்கா. மொழிதான் பயம், எனக்குச் சிங்களம் அரைகுறை.

கல்லடிப்பாலம்:
அனுப்ப முன் கோல் பண்ணி, எந்த மொழிமூலம் என்று கேளுங்க. விண்ணப்பத்தில் தமிழ் என்றே போடுங்க, தமிழில் கேட்கிற ஆட்கள் சேர்ந்தால்தான் தமிழில் ஒரு வகுப்பு வைக்கச் சொல்லலாம். கடமை லீவையும் போக்குவரத்துச் செலவையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்க, உதயதேவி ரயிலில் வந்து இறங்கின பிறகு கேட்டால் கிடைக்காது. அப்புறம், விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்க, சீஃப் கிளாக் மேசையில் அது எத்தனை நாள் கிடந்தது என்று காட்ட உதவும்.