கொண்டைக்கு இரட்டை விலையா? பழங்கிரேக்க நாணயம் வாங்கப் போன அனுபவங்கள்

ஆந்தைப்பிரியை:
லண்டனில் ஒரு நாணயச் சந்தை. ஏதென்ஸ் ஆந்தை, நமக்கெல்லாம் தெரிந்த அந்த டெட்ராட்ராக்ம்தான்: நான்கு டிராக்மா மதிப்புள்ள வெள்ளி நாணயம், முன்பக்கம் அதீனா தேவியின் தலை, பின்பக்கம் ஆந்தை. கடைக்காரர் இரண்டை அருகருகே வைத்தார். எடை இரண்டும் 17 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பின்பக்க ஆந்தை இரண்டிலும் முழுசு. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். வாய் திறக்காமல் அதீனாவின் தலைக்கவசத்தை நகத்தால் காட்டினார். ஒன்றில் கவசத்தின் மேலுள்ள கொண்டை முழுதாகப் பதிந்திருந்தது, இன்னொன்றில் பாதி இல்லை. அந்த விரல்நகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இத்தனூண்டு கொண்டைக்கு அவ்வளவா? எதையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

லாரியன்:
அவர் காட்டியது சரியான இடம்தான் சகோதரி. கிமு 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏதென்ஸ் இவற்றை ஏராளமாக அடித்துத் தள்ளியது. அச்சை விட வெள்ளித்துண்டு சின்னது, அதனால் கொண்டை பெரும்பாலும் வெளியே போய்விடும். முழுதாகப் பதிந்தது குறைவு, அதற்குத்தான் விலை. கையில் காசு குறைவென்றால் கொண்டையை விட்டுவிடுங்கள், முகமும் ஆந்தையின் கண்களும் தெளிவாக இருந்தால் போதும். ஓரத்தில் வெட்டு இருந்தாலும் ஒதுக்காதீர்கள். உள்ளே செம்பு இருக்கிறதா என்று அந்தக் காலத்திலேயே சோதித்த தழும்பு அது. விலை இறங்கும், வரலாறு கூடும். என்னிடம் இருப்பதே அப்படி ஒன்றுதான், ஆந்தையின் மார்பில் ஆழமான வெட்டு. அப்புறம், பழைய ஏலங்களின் பதிவுகளில் விலை ஒப்பிடும்போது ஆண்டைக் கவனியுங்கள். 2018 வாக்கில் ஆந்தைகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன, விலையும் தளர்ந்தது. அதற்கு முந்தைய விலையைக் காட்டி 'இது மலிவு' என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

திரேஸ்வாசி:
லாரியன் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். பட்ஜெட் என்று பேசிவிட்டு ஏன் ஆந்தையிலேயே நிற்க வேண்டும்? திரேஸின் செர்சொனீசஸ் (இன்றைய துருக்கியின் கலிபோலி தீபகற்பம்) ஹெமிட்ராக்ம், அதாவது அரை டிராக்மா இருக்கிறதே, திரும்பிப் பார்க்கும் சிங்கம், 2.4 கிராம் வெள்ளி, அழகு. அண்மையில் ஓர் ஏலத்தில் அதற்குக் கேட்டேன், 60 யூரோவில் நிறுத்திக்கொண்டேன். இன்னொருவர் 85 வரை போனார். அதன்மேல் ஏலக்கட்டணம் 20 சதவீதம், தபால் செலவு வேறு. அதே வாரம் ஒரு கடையில் அதைவிடத் தெளிவான சிங்கம் 95க்கு இருந்தது! கட்டணம் சேராத சுத்தியல் விலையை, அதாவது ஏலத்தில் முடிந்த தொகையை மட்டும் பார்த்துக் கேட்கிறவர்களை நினைத்தால் மனசு தாங்கவில்லை.

மெசெம்ப்ரியா:
மலிவாகக் கிடைத்தாலும் சந்தேகம்தான். ஒரு மேசையில் கருங்கடல் கரையிலிருந்த கிரேக்க நகரம் மெசெம்ப்ரியாவின் டயோபோல்கள், சின்ன வெள்ளி நாணயங்கள், குவியலாகக் கிடந்தன, எடுத்தது எதுவானாலும் ஒரே விலை. இரண்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டின் விளிம்பிலும் ஒரே இடத்தில் ஒரே பிளவு! அச்சு ஒன்றாக இருக்கலாம், ஆனால் விளிம்புப் பிளவு அடிக்கும்போது தற்செயலாக வருவது, அது எப்படி ஒன்றாகும்? 1988இல் கருங்கடல் புதையல் என்று வந்து, பிறகு போலி என்று தெரிந்த கூட்டம் இந்த வகையில்தான். பக்கத்தில் ஒரு பையன் கை நிறைய அள்ளிக்கொண்டிருந்தான். அவனிடம் அந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். கடைக்காரர் பெட்டியை மூடிவிட்டார்.

ஆந்தைப்பிரியை:
லாரியன் சார், வெட்டு விழுந்த உங்கள் ஆந்தையின் படம் போடுங்கள்.