மறு: ஒழுக்க மாற்றமா, அறப்பண்படலா?

வணக்கம். தியானம் பழகி ஆள் அறத்தில் மேன்மையடைவதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியிருந்தது இது:

> ‘ஒழுக்க மாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் மாற்றம் கெட்டுப்போவதற்கும் பொருந்துமே! அமெரிக்க மெய்யியலாளர் ஓவன் பிளனகன் 2011இல் ‘தி போதிசத்துவாஸ் பிரெயின்’ நூலில் பேசுவது, மறுபிறப்பையும் கன்மக் கணக்கையும் கழித்த பௌத்தம். நிலையாமையையும் கருணையையும் பழகிப் பழகி ஆள் மெல்ல மேன்மையடைவதே அதில் மிஞ்சுகிறது. நமக்குச் சொல் தேவைப்படுவது அதற்குத்தான்.

‘மனந்திரும்புதல்’ கிறித்தவர்களிடம் வேறு பொருளில் ஊறிப்போனது, அதைத் தொட வேண்டாம். ‘திருந்தல்’ மீது எனக்கு ஆசை உண்டு. மணிமேகலையின் 30ஆம் காதையிலேயே “திருந்து நல் உணர்வான் செற்றம் அற்றிடுக” என்று வருகிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் “நீ திருந்தவே மாட்டியா?” என்ற அதட்டல்தான் நினைவுக்கு வரும். தியானம் பழகுகிறவர் முன்பு தப்பு செய்தவராக இருக்க வேண்டியதில்லையே. அதே காதையில் வரும் ‘பாவனா’ இன்னும் பொருத்தம். வளர்த்தெடுத்தல் என்பதே அதன் மூலப்பொருள். ஆனால் ‘பாவனை’ இங்கே நடிப்பாகிவிட்டது, ஈழத்தில் பயன்பாடாகிவிட்டது.

அதனால் என் பரிந்துரை ‘அறப்பண்படல்’. நிலமும் பண்படும், ஆளும் பண்படுவார். இரண்டுமே ஒரே நாளில் நடப்பதில்லை. ‘பண்பாடு’ என்று குழம்புவார்களோ என்றால், முன்னால் ‘அற’ நிற்கிறது, போதும்.

அப்புறம், நரம்பையும் அறத்தையும் சேர்த்து ‘நரம்பற மாற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நரம்பே இல்லாத மாற்றம் என்றல்லவா படிப்பார்கள்! அது போக, மூளையைச் சொல்லுக்குள் நுழைப்பதே சரியில்லை. பாஸ்டனில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். எட்டு வாரம் தியானம் பழகியவர்கள் ஒரு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முகம் சுளித்தபடி வந்து நிற்கிறார். பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்கள், ஆய்வாளர்களே அமர்த்திய ஆட்கள், அசையவில்லை. பழகியவர்களில் பாதிப்பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் 16 விழுக்காட்டினர்தான். அங்கே அளந்தது எழுந்தாரா இல்லையா என்பதை, மூளைப்படத்தை அல்ல. பழகப் பழக மூளையின் அமைப்பு மாறுவதற்கு ‘நரம்பு நெகிழ்மை’ என்ற சொல் தனியாக இருக்கட்டும். அது பியானோ பழகினாலும் நிகழும்.

மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லைத் தனியாக அனுப்பாமல், ‘கருணைத் தியானத்தால் வரும் ______’ என்ற தொடரில் பொருத்தி அனுப்புங்கள்.