கிற்றாருக்கு அம்ப் தேடின கதைகள்: கல்லடியில இருந்து அறுகம்பே வரைக்கும்

கல்லடியில இருந்து

கலியாண வீடுகளிலயும் சேர்ச்சிலயும் லீட் கிற்றார் வாசிக்கிறன். எந்த அம்ப், அதாவது கிற்றார்ட சத்தத்தைப் பெருக்கித் தாற பெட்டி, வாங்கலாம் எண்டு பழகுற பொடியன்கள் அடிக்கடி கேக்கிறாங்க. எனக்கு நடந்ததை எழுதுறன், நீங்களும் உங்கட கதையைப் போடுங்க.

ரொறன்ரோவில இருக்கிற மாமா லீவுல வரக்குள்ள 15 வாட்ஸ் டியூப் அம்ப் (பழைய ரேடியோ மாதிரிக் கண்ணாடிக் குழாயில ஓடுறது) ஒண்டு கொண்டு வந்து தந்தார். பிளக் நம்மட சொக்கெட்டுக்குப் பொருந்தல்ல. சந்திக் கடையில அடப்டர் ஒண்டு வாங்கிச் செருகி சுவிச்சைப் போட்டன். ‘டப்’ எண்டு ஒரு சத்தம், பிறகு வார்னிஷ் கருகிற மணம். திருப்பிப் பாத்தா, பின்பக்கத் தகட்டில சின்ன எழுத்தில 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் எண்டு கிடக்கு. நம்மட சுவரில வாறது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அடப்டர் பின்னுட வடிவத்தை மாத்தும், வோல்ட்டைக் குறைக்காது. மாமா பக்கத்தில நிண்டு பாத்துக் கொண்டிருந்தார். அவர்ர முகம் இப்பவும் எனக்கு நினைவிருக்கு.

டவுனில ரேடியோ திருத்திற ஐயா ஒருத்தர் ட்ரான்ஸ்போமரைத் திரும்பச் சுத்தித் தந்தார். அவர் சொன்ன ரெண்டு விசயத்தைக் கேளுங்க. வெளிநாட்டு அம்புக்கு வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கினா, முன்னுக்குப் போட்டிருக்கிற 15 வாட்ஸைப் பாத்து வாங்கக் கூடாது. டியூப் அம்ப் அதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பின் தகட்டில இருக்கிற கணக்கைப் பாத்து, அதுக்கும் மேல வாங்கணும். மற்றது, 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமெண்டு செஞ்ச ட்ரான்ஸ்போமர் 50இல ஓடக்குள்ள கூடச் சூடாகும். கனடாவில இருந்து ஆக்கள் கொண்டு வாறதா இருந்தா, வாங்க முதலே அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

அடுத்த அம்பை நானே கொழும்புக்குப் போய்த் தெரிஞ்செடுத்தன். என்ட கிற்றாரையும் என்ட வயரையும் கையோட கொண்டு போனன். கடையில நிண்ட தம்பி முதல் வேலையா டிஸ்டோசனை, அதாவது கரகரப்பை, கூட்டிக் காட்டினார். அதில எந்த அம்பும் ஒரு நிமிசத்துக்கு நல்லாத்தான் கேக்கும். எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி, கிளீன்ல (கரகரப்பில்லாத சத்தத்தில), பாஸ், மிட், ட்ரெபிள் மூண்டையும் நடுவில வச்சுத் தரச் சொன்னன்.

நம்மட பக்கத்தில ஒரே ராவில எத்தனை வாசிக்க வேண்டியிருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்க. தொடங்கக்குள்ள பக்திப் பாட்டு, சாப்பாட்டு நேரம் பழைய சினிமா மெலடி, பத்து மணிக்குப் பிறகு பைலா. பறங்கியர் வீட்டுக் கலியாணமெண்டா வயலினோட கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டப் பாட்டும் வரும். பைலாவில கோட் பளிச்செண்டு விழுந்து உடனே அறுபடணும். இழுபட்டா ஆடுற ஆக்கள்ர கால் தடுமாறும். அம்மன் பாட்டில கமகத்தை விரலால இழுக்கக்குள்ள சுரம் சாகாம நிக்கணும், அதுக்குக் கொஞ்சம் டிரைவ், அதாவது லேசான கரகரப்பு, வேணும். அதால கடையில ஒரு பைலா வெட்டு, மெதுவா ஒரு மாதா பாட்டு, மூண்டாம் நரம்பில ஒரு நீண்ட இழுப்பு எண்டு மூண்டையும் வாசிச்சன். பிறகு லேசா டிரைவ் வச்சு, கிற்றாரில இருக்கிற வொலியூமை மட்டும் 10இல இருந்து 4க்குக் குறைச்சன். சத்தம் தானாத் தெளிஞ்சு வந்தா அது நல்ல அம்ப். அந்தச் சோதனையில மூண்டு அம்ப் தோத்துது.

கடைசியில டியூப் இல்லாத ட்ரான்ஸிஸ்டர் அம்ப் ஒண்டு, பொஸ் கட்டானா 50, எடுத்தன். 12 அங்குல ஸ்பீக்கர். சத்தத்தை அரை வாட், 25, 50 எண்டு குறைச்சுக் கூட்டலாம், அரை வாட்டில வச்சா வீட்டில பிள்ளை நித்திரை கொள்ளும். கிற்றார்ட தடிச்ச ஈ நரம்பு கிட்டத்தட்ட 82 ஹேர்ட்ஸ். 6 அங்குலச் சின்னப் பெட்டியில அந்த நரம்பைத் தட்டினா தகரத்தில தட்டின மாதிரித்தான். 100 வாட்ஸ் எடுப்பமா எண்டும் யோசிச்சன். ஆனா 50ஐ 100 ஆக்கினாக் கூடுறது 3 டெசிபல் மட்டும், காதுக்கு ஒரு சின்னப் படி. 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். உதயதேவி ரெயிலில மடிக்குப் பக்கத்தில வச்சு மட்டக்களப்பு வரைக்கும் கொண்டு வந்தன்.

கல்முனையில இருந்து, சவுண்ட் போடுறவன்

கல்லடித் தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துக் கொள்ளுங்க. கிற்றார் வாசிக்கிறவர் அம்பை நிலத்தில, கால் பக்கத்தில வைக்கிறார். 12 அங்குல ஸ்பீக்கர்ல கூர்மையான சத்தம் நேர ஒரு கோடு மாதிரிப் போகும். அது அவர்ர கெண்டைக்காலில படுது, காதுக்குப் போறல்ல. மங்கலாக் கேக்குது எண்டு ட்ரெபிளைக் கூட்டுறார். முன் வரிசையில இருக்கிற பெரியாக்கள் காதைப் பொத்துறாங்க. அம்பை ஒரு கதிரையில வச்சுச் சாய்ச்சு உங்கட முகத்துக்குத் திருப்புங்க. பாதிப் பிரச்சினை அந்த இடத்திலயே தீரும்.

ஸ்பீக்கர் அவுட்டில இருந்து மிக்ஸருக்கு வயர் குடுக்கவே வேணாம், மிக்ஸர் எரியும். மிக்ஸருக்கெண்டே இருக்கிற லைன் அவுட் ஓட்டை இருந்தா அதைத் தாங்க. இல்லாட்டி ஒரு எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர்ட நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில வச்சா எனக்குக் காணும். மண்டபத்துக்குச் சத்தம் குடுக்கிறது என்ட வேலை. நீங்க நல்ல சத்தத்தைத் தந்தாப் போதும்.

அக்கரைப்பற்றில இருந்து

எனக்கு வேறக் கருத்து. அக்கா லண்டன்ல இருந்து வொக்ஸ் ஏசி15 டியூப் அம்ப் அனுப்பினா. அங்கயும் 230 வோல்ட்தான், சதுரப் பின்னும் நம்மட புதுச் சொக்கெட்டில நேராப் போகுது. ரெண்டு ஈஎல்84 டியூப். மெதுவாத் தொட்டா மெதுவாப் பேசும், அழுத்தினா அழும். கட்டானாவும் வாசிச்சுப் பாத்தன், நல்ல சாமான். எண்டாலும் விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில யாரோ நிக்கிற மாதிரி எனக்குப் பட்டுது.

குறையையும் சொல்லணும். அந்த அழகு வெளியில வர வொலியூமைக் கூட்டணும். 15 வாட்ஸ் எண்டாலும் வீட்டு அறைக்குள்ள தாங்கேலாது. நான் முன்னுக்கு, கரகரப்பைத் தாற ஒரு ஓவர்டிரைவ் பெடல் வச்சுச் சமாளிக்கிறன். ஸ்பீக்கர் வயரைக் கழட்டிப் போட்டு டியூப் அம்பை ஓட விடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போயிடும்.

கல்லடியில இருந்து

அக்கரைப்பற்று அண்ணன், விரலுக்குப் பதில் சொல்றதில டியூப்தான் மேல எண்டு நானும் ஒத்துக் கொள்றன். மாமா தந்த அம்பைத் திருத்தின பிறகு இண்டைக்கும் வச்சிருக்கிறன், விக்க மனமில்ல. ஆனா ஒரே ராவில பைலாவும் மாதா பாட்டும் வாசிக்கிறவனுக்கு, ஒரு அம்ப்தான் வாங்கக் காசிருந்தா, நான் கிளீன் நல்லா இருக்கிற ட்ரான்ஸிஸ்டர் அம்பைத்தான் சொல்லுவன். வாடகை மேடையில ஒருக்கா ரோலண்ட் ஜேசி-120 கிடைச்சுது. 1975இல வந்த ட்ரான்ஸிஸ்டர் மொடல். அதுட கிளீனைக் கேட்ட பிறகு டியூப் இல்லாட்டி உயிரில்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. என்ன, 28 கிலோ. அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும்.

அறுகம்பேயில இருந்து

சீசனுக்குக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில பாடி வாசிக்கிறன். எனக்குப் பெரிய அம்ப் தோது இல்ல. ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் எண்ட சின்ன அம்ப் வச்சிருக்கிறன். ஆறு பென் பற்றியில ஓடும், மைக்குக்கும் கிற்றாருக்கும் வேற வேற இடம் இருக்கு. 2022இல பதிமூணு மணித்தியாலம் கரண்ட் போன நாளிலயும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில இதை வச்சுத்தான் வாசிச்சன். உப்புக் காத்துதான் எதிரி. ராவைக்கு வெளியில வைக்காதீங்க, துணியால மூடுங்க. வயர் செருகிற ஜக் கரகரத்தா கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலஞ்சு தரம் செருகி இழுங்க.

களுவாஞ்சிக்குடியில இருந்து, ஒரு அம்மா

எனக்கு இதொண்டும் தெரியாது, வாசிச்சுக் கொண்டு வந்தன். மகனுக்குப் பதின்மூன்று வயது. கிற்றார் வாங்கிக் குடுத்திட்டம். பெரிய அம்ப்தான் வேணும் எண்டு நிக்கிறார். பக்கத்து வீட்டில ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளை படிக்கிறா. என்ன செய்யலாம், தம்பி?

கல்லடியில இருந்து

அக்கா, இப்ப ஒண்டும் வாங்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்க பயிற்சி எடுக்கிறது, மகனைக் கிற்றாரோட கூட்டி வாங்க. என்ட கட்டானாவிலயும், கூட்டாளிட சின்னப் பெட்டியிலயும், மாமாட டியூப்பிலயும் அவர் தானே வாசிச்சுப் பாக்கட்டும். ஹெட்போன் ஓட்டை இருக்கிறதில எது அவருக்குப் பிடிக்குதோ அதுட பேரை எழுதித் தாறன். அக்கரைப்பற்று அண்ணன், உங்களுக்கும் வசதியெண்டா ஏசி15ஐக் கொண்டு வாங்க.