திரையில் தமிழ் வாசிக்க எந்த நிறம் கண்ணுக்கு இதம்?

வெள்ளவத்தை:
நிறத்தில் கை வைக்க முதல் வெளிச்சத்தைச் சரி பண்ணுங்கோ. திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடியுங்கோ. தாளை விடத் திரை பளீரென்று எரிந்தால் பிரைட்னஸ் கூட, சாம்பல் அடித்தால் குறைவு. இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடம்தான் சரியான அளவு. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று வேண்டும். கடலைப் பார்த்த வீடுகளில் பின்னேர வெயில் நேரே உள்ளே வரும். மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டாகப் போடாவிட்டால் எந்த செட்டிங்காலும் பயனில்லை.

தெகிவளை:
இரவில் திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்க விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, நைட் லைட். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது படும். அதனால் நேரத்தை நீங்களே குறித்து விடலாம். யூஎஸ்பி வழியாக இரண்டாவது மொனிட்டர் பூட்டும் சில அடாப்டர்களில் இது வேலை செய்யாது. அப்படியானால் மொனிட்டரின் சொந்த மெனுவில் கலர் டெம்பரேச்சரை 'வோர்ம்' ஆக்குங்கோ. படம், அச்சு வேலை செய்யும்போது இரண்டையும் நிறுத்த வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
நீண்ட வாசிப்புக்குக் கறுப்புப் பின்னணியை நான் சொல்லமாட்டேன். இருட்டுத் திரையில் கண்மணி விரியும். அஸ்டிக்மடிசம் (கண்ணின் வளைவு சீரில்லாத பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசியும். தமிழில் அது இன்னும் மோசம்: 'ண', 'ணை' சுழிகள் அடைபட்டு, மேலே இருக்கும் புள்ளி ஒளித்திட்டாகிவிடும். அதற்குப் பதில் வெளிர் மஞ்சள்: பின்னணிக்குச் சிவப்பு 251, பச்சை 240, நீலம் 217. எழுத்துக்கு மூன்றும் 51. கொன்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஏறத்தாழ 11க்கு 1. சுத்தக் கறுப்பும் வெள்ளையும் 21க்கு 1, அவ்வளவு தேவையில்லை. 4.5க்கு 1 என்பதற்குக் கீழே மட்டும் போகவேண்டாம்.

வத்தளை:
கொட்டாஞ்சேனை அண்ணா சொன்ன நிறங்களை, பிடிஎஃப் வாசிக்கும் அடோபி ரீடரில் ப்ரிஃபரன்ஸஸ், அக்செசிபிலிட்டி, 'ரிப்ளேஸ் டொக்யூமென்ட் கலர்ஸ்' என்ற இடத்தில் கொடுக்கலாம். ஆனால் நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் இறக்கும் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள் பெரும்பாலும் ஸ்கேன். பக்கமே ஒரு படம், அதில் மாற்ற எழுத்து நிறம் என்று ஒன்றில்லை. அதுக்கு ஓகுலர் என்ற பிடிஎஃப் வாசிப்பு மென்பொருள் நல்லது, இலவசம், விண்டோஸிலும் ஓடும். கொன்ஃபிகர் ஓகுலர், அக்செசிபிலிட்டி, 'சேஞ்ச் கலர்ஸ்'. அதில் 'சேஞ்ச் டார்க் அண்ட் லைட் கலர்ஸ்'. 'பேப்பர் கலர்' என்பதைத் தெரிவு செய்தால் ஸ்கேனில் ஒன்றும் மாறாது, பலர் அங்கேயே கைவிடுகிறார்கள்.
தாள் பழுத்த பக்கமென்றால் 'பிளாக் அண்ட் வைட்' முறையில் த்ரெஷோல்டை (எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லையை) மெல்ல நகர்த்துங்கோ. ஒரு பக்கம் கூடினால் புள்ளிகள் அழிந்து 'க்' எல்லாம் 'க' ஆகும். மறுபக்கம் கூடினால் தாளின் கறை எழுத்தோடு சேர்ந்து கறுக்கும். மெய்யெழுத்து நிறைந்த ஒரு வரியைப் பெருப்பித்து, அதைப் பார்த்தபடியே சரி பண்ணுங்கோ.

வெள்ளவத்தை:
இன்னொன்று. பிரைட்னஸைக் குறைத்ததும் தலையிடித்தால் திரையின் பின்விளக்கு மினுங்குகிறதா பாருங்கோ. போன் கமெராவில் ஷட்டரை வேகமாக்கித் திரையைப் பிடித்தால் கறுப்புப் பட்டிகள் ஓடும். அப்படி ஓடினால் பிரைட்னஸைச் சற்று உயர்த்தி விட்டு, பின்னணி நிறத்தை மங்கலாக்குங்கோ. நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கமே அதைப் பரிந்துரைப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால்தான் எரிச்சல் வருகிறது. 20 நிமிடத்துக்கு ஒருக்கால் 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கோ.