ஆண்டின் நடுவில் சேரும் பிள்ளைகளின் கற்றல் நிலை: ஆசிரியர்களிடம் ஓர் உதவி

வணக்கம். பல்லடம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைக்கு முன் பிள்ளைகளைச் சோதித்து வடிகட்டுவதைத் தடுப்பதாலும், 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்வதாலும், பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிகளுக்கும் வேலைக்கு வரும் பெற்றோரின் பிள்ளைகள் எந்த மாதத்திலும் வந்து சேர்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால், அதே 4ஆம் பிரிவு கூறும் சிறப்புப் பயிற்சி கிடைக்காதபோது, இந்தி மட்டுமே எழுதத் தெரிந்த சிறுமி தமிழ் வினாத்தாளில் வாங்கும் மதிப்பெண் அவளுடைய கணக்கறிவைக் காட்டுவதில்லை. (சென்ற மாதம் வந்த ஒருத்தி வாய்க்கணக்கில் எல்லோரையும் முந்திவிட்டாள்.) திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் பணிபுரிவோர், இத்தகைய பிள்ளைகளை, அவர்கள் பள்ளியில் சேர்ந்த நாளிலும் மூன்று மாதம் கழித்தும் மதிப்பிட்டு வைத்திருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு, மதிப்பிட்ட முறையையும் சேர்த்து இங்கே பகிர வேண்டுகிறேன்.