சமூக அறிவியலை மைனராக எடுத்தவர்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்

ஈ.ஈ.ஈ. 2021 பேட்ச்

நானே ஆரம்பிக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஓர் இணைப்புக் கல்லூரியில் ஈ.ஈ.ஈ., அதாவது மின், மின்னணுப் பொறியியல் படித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது புதுப் பாடத்திட்ட விதிகளில் சேர்ந்த முதல் பேட்ச் நாங்கள், அதனால் மைனர் என்றால் என்னவென்று கேட்க சீனியர்களே கிடையாது. ஐந்தாவது செமஸ்டரில் ஒரு சர்க்குலர் வந்தது. நம் துறைக்கு வெளியே கூடுதலாக 18 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் வீதம் ஆறு பாடம் முடித்தால் பட்டத்தோடு மைனரும் சேரும். ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்), தொழில்முனைவு, பொது நிர்வாகம், டேட்டா அனலிடிக்ஸ், சுற்றுச்சூழல் என்று ஐந்து பிரிவு. வகுப்பே ஃபின்டெக் பக்கம் சாய்ந்தது. நான் பொது நிர்வாகம் போட்டேன். சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை, அதில் கணக்கு இருக்காது என்று நினைத்தேன், அவ்வளவுதான். "கரண்டு படிக்கப் போனவன் கவர்மெண்டு படிக்கிறான்" என்று அப்பா டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் பாடம் சரியான அறுவை. வுட்ரோ வில்சன் 1887இல் எழுதிய கட்டுரை, மாக்ஸ் வெபர், அப்புறம் லூதர் குலிக்கின் போஸ்ட்கார்ப். நிர்வாகியின் ஏழு வேலைகளை ஒரே சொல்லில் அடைத்தது அது, வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அரசமைப்புப் பாடம் எடுத்த மேடம்தான் வேறு ரகம். பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் இருந்து கெஸ்ட்டாக வந்தவர். ஊராட்சிகள் பற்றிய 73ஆவது திருத்தத்தை நடத்தி முடித்த கையோடு, "அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர் கிராம சபைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதுங்கள். போகாமல் எழுதினால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன்" என்றார்.

2023 அக்டோபர் 2. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஷாமியானா, காந்தி படத்துக்குச் சாமந்தி மாலை. பாதிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். கையெழுத்து நோட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றுகிறது, கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை சேர வேண்டுமே. மரத்தில் வரவு செலவு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் அதை நின்று படித்தேன். தெருவிளக்கு மின் கட்டணம் என்று ஒரு வரி. போன வருடம்தான் எல்லாவற்றையும் எல்.ஈ.டி. ஆக்கினார்கள், ஆனால் தொகை குறைந்த மாதிரியே தெரியவில்லை. கை தூக்கிக் கேட்டேன். தொண்டை நடுங்கியது. ஊராட்சி செயலர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவரோ "நல்லா கேட்டீங்க தம்பி, மூணு இணைப்புல மீட்டரே ஓடல, பழைய சராசரி போட்டுத்தான் பில் வருது. மாத்தச் சொல்லி எழுதிட்டுத்தான் இருக்கேன்" என்றார். மீட்டர் பழுதானால் சராசரி போடுவார்கள் என்பது எனக்கு மேஜர் பாடத்திலேயே தெரியும். அது எங்கள் தெருவிலேயே நடக்கிறது என்பதுதான் தெரியாது. அன்றைக்கே மூன்று இணைப்பு எண்களையும் எழுதி மீட்டர் மாற்றக் கோரி ஒரு தீர்மானம் போட்டோம், வாசகம் எழுதிக் கொடுத்தது நான். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் கேட்டு ஆர்.டி.ஐ. போட்டேன். 30 நாள் கெடு, 27ஆவது நாள் பதில் வந்தது. இரண்டு மீட்டர் மாற்றியாகிவிட்டது, மூன்றாவது பரிசீலனையில் இருக்கிறதாம்.

அந்த ஒரு பக்கத்துக்கு மேடம் பத்துக்கு எட்டுதான் போட்டார். எழுத்துப்பிழையாம்.

ஹெப்பால் பஸ் பாஸ்

பெங்களூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர், உளவியல் மைனர். ஆளைப் பார்த்ததும் மனதைப் படிக்கக் கற்றுத் தருவார்கள் என்ற கனவோடுதான் போனேன், சிரிக்காதீர்கள். முதல் செமஸ்டர் முழுக்கத் திட்ட விலக்கம், டி-டெஸ்ட், மாதிரி எடுப்பது எப்படி என்று புள்ளியியல், இவ்வளவுதான். என்னோடு சேர்ந்தவர்களில் நாலு பேர் இரண்டாவது வாரமே வேறு மைனருக்கு ஓடிவிட்டார்கள்.

நான் ஓடாமல் இருந்ததற்கு ஸ்ட்ரூப் சோதனைதான் காரணம். 1935இல் வந்தது, பலருக்குத் தெரிந்திருக்கும். "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் வாய் குழறும். படிக்கத் தெரிந்தவனால் படிக்காமல் இருக்க முடியாது, அதுதான் விஷயம். இதைத் தமிழில் செய்து பார்ப்போம் என்று ஒரு தாளில் இருபது சொற்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி சேலம், எதிர்க் கட்டில்காரி தார்வாட். சேலத்துக்காரி 31 வினாடி எடுத்தாள், நடுவில் "நீலம்... ஐயோ இல்லை, மஞ்சள்" என்று இரண்டு தடவை உளறல். தார்வாட்காரிக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, அவளுக்கு அது வெறும் கோலம். 18 வினாடியில் முடித்துவிட்டு "இஷ்டேனா?" என்று கேட்டாள், கன்னடத்தில் இவ்வளவுதானா என்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. தெரியாமல் இருப்பதே ஒருத்திக்கு லாபமாக முடிவதைக் கண் முன்னால் பார்த்தேன்.

அடுத்த நாள் ஓடிப்போய் மேடமிடம் காட்டினால் முதல் கேள்வி, "ஒப்புதல் படிவம் எங்கே?" இரண்டு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது அடுத்த திட்டு. படிவத்தோடு முப்பது பேரைப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. இப்போது ஒரு செயலி நிறுவனத்தில் பயனர் ஆய்வு செய்கிறேன். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதற்கு முன் எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று நான்தான் மீட்டிங்கில் எல்லோர் உயிரையும் வாங்குகிறேன்.

சனிக்கிழமை காலி

எல்லோரும் இனிக்க இனிக்க எழுதுகிறீர்கள். நானும் பொது நிர்வாகம்தான் எடுத்தேன், வேறு கல்லூரி, பெயர் வேண்டாம். யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் விருப்பப் பாடமாக அது இருக்கிறது, இரண்டு தாள், 500 மதிப்பெண், இப்போதே ஆரம்பித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன். கல் என் தலையிலேயே விழுந்தது. பாடம் எடுக்க ஆளில்லை. எம்.பி.ஏ. துறையில் யாருக்கு வகுப்பு குறைவோ அவர் தலையில் கட்டினார்கள். அவரும் பாவம், பி.பி.டி. ஸ்லைடை வரி வரியாக வாசிப்பார், நாங்கள் பதினோரு பேர் போனைப் பார்ப்போம். அதுவும் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. ஹாஸ்டல் மெஸ்ஸில் அன்றைக்குத்தான் பூரி, அதுவும் போச்சு.

ஆறாவது செமஸ்டரில் விட்டுவிட்டேன். விட்டால் டிகிரிக்கு ஆபத்து இல்லை, வழக்கமான பி.ஈ. கிடைத்துவிடும், அந்த மட்டும் நிம்மதி. பரீட்சைக்கு இந்த மைனர் பாடத்திட்டம் போதாது என்பதையும் அப்புறம்தான் புரிந்துகொண்டேன். மெயின்ஸ் தாள் கேட்கிற ஆழம் வேறு. கேம்பஸ் இண்டர்வியூவில் ஒருத்தர்கூட மைனர் பற்றிக் கேட்கவில்லை, சி புரோகிராமிங்கில் பாயிண்டர்தான் கேட்டார்கள்.

ஈ.ஈ.ஈ. 2021 பேட்ச்

நீங்கள் சொல்வது நியாயம். எனக்கு அந்த மேடம் வாய்த்தார், உங்களுக்கு பி.பி.டி. எங்களுக்கும் நாலாவது பாடத்தில் அதே பி.பி.டி. கதைதான், அதை வசதியாக விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

அல்லைடு காலத்து ஆள்

எங்கள் காலத்தில் மைனராவது தேர்வாவது, அல்லைடு என்று ஒன்றைக் கையில் திணிப்பார்கள். 1994இல் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன், துணைப்பாடம் இங்கிலாந்தின் சமூக வரலாறு. டியூடர் ஆட்சியில் கம்பளி வியாபாரம் எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் தறி எப்படி வந்தது என்று கேட்டால் முழிப்பேன். எங்கள் வீட்டிலேயே இரண்டு தறி ஓடியது என்பது கூடுதல் தகவல்.

தாழையூத்துக்காரன்

அண்ணாச்சி சொன்ன தறிக் கதை என்னை இழுத்துவிட்டது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கணிதம் மேஜர், பொருளாதாரம் மைனர். தேவை, வழங்கல் கோடுகளை வரைந்துகொண்டு நன்றாகத்தான் போனது, கணக்குப் படித்தவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நாலாவது செமஸ்டரில் எங்கள் சார் ஒரு பெயரைச் சொன்னார், கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு வந்த முதல் பேராசிரியர், 1915இல் வந்தவர். புத்தகத்தை மூடிவிட்டு அவரவர் ஊருக்குப் போய் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பியிருக்கிறார். அது 1918இல் நூலாக வந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு அதில் ஓர் ஊர். 1936-37இல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், இருவேல்பட்டுக்கு 1981இலும் 2008இலும் மறுபடி போயிருக்கிறார்கள். ஒரே ஊரைக் கிட்டத்தட்ட நூறு வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்பது உலகத்திலேயே அபூர்வம். பட்டியலில் இன்னொரு பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கங்கைகொண்டான். எங்கள் வீட்டில் இருந்து பைக்கில் எட்டிப் பிடிக்கிற தூரம், சிப்காட் இருக்கிற ஊர் என்றுதான் எனக்கு அதைத் தெரியும்.

நீயும் உன் தெருவில் இருபது வீடு பார் என்றார் சார். கேள்வித்தாள் நானே தயாரித்தேன், மூன்று பக்கம், பெருமையாகக் கொண்டுபோனேன். முதல் வீடு எங்கள் ஆச்சி வீடுதான். இரண்டாவது கேள்வி, மாத வருமானம். "மாச வருமானமா? மாசாமாசம் எவம்ல குடுக்கான்?" என்று கேட்டுவிட்டு ஆச்சி வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நிலம் எத்தனை ஏக்கர் என்றால் கோட்டை என்ற பழைய அளவில் பதில் வருகிறது, நெல்லுக்கு மரக்கால். என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

ஆறாவது வீட்டில்தான் சரியான அடி. அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். இலையைக் கத்தரிக்கிறாள், தூளை வைக்கிறாள், உருட்டுகிறாள், நூலைக் கட்டுகிறாள், நான் பேனாவைத் திறப்பதற்குள் இரண்டு பீடி விழுகிறது. "வேலைக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்டேன். "இல்லய்யா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்கிறாள், கை நிற்கவே இல்லை. நானும் தாளில் "இல்லத்தரசி" என்று டிக் அடித்துவிட்டு வந்துவிட்டேன்! அன்று இரவு கூட்டிப் பார்த்தால் இருபது வீட்டில் வேலை பார்க்கிற பெண்கள் மூன்றே பேர். எனக்கே சிரிப்பு வந்தது, தெருவில் நடந்தால் பதினொரு திண்ணையில் சுளகு இருக்கிறது. மறுநாள் திரும்பப் போய்க் கேள்வியை மாற்றினேன். "நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். மூன்று, பதினான்காக மாறியது.

இப்போது எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கிறேன். யாராவது பெண்களின் வேலைப் பங்கேற்பு இவ்வளவு சதவீதம் என்று வரைபடம் காட்டினால் முதலில் கேள்வித்தாளைக் கொடுங்கள் என்கிறேன், வகுப்பில் எனக்குச் சுளகு என்றே பெயர்.

செகண்ட் இயர் பையன்

அண்ணன்களே, அக்காவே, எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். பொது நிர்வாகத்தில் எனக்கு ஆசை, அப்பா ஃபின்டெக்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மெக்கானிக்கல், அரியர் ஒன்றும் இல்லை. எதை எடுக்கட்டும்?

சனிக்கிழமை காலி

தம்பி, பாடத்தின் பெயரை விடு. பொது நிர்வாகத்தை யார் எடுக்கப்போகிறார், எந்தக் கிழமை, எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இந்த மூன்றையும் முதலில் ஆபீஸில் விசாரித்துவிட்டு வா.

செகண்ட் இயர் பையன்

விசாரித்துவிட்டேன் அண்ணா. எம்.பி.ஏ. சார், சனிக்கிழமை, இதுவரை ஆறு பேர்.

சனிக்கிழமை காலி

ஓடிவிடு.

ஹெப்பால் பஸ் பாஸ்

பயமுறுத்தாதீர்கள். ஆறு பேர் என்றால் சாரிடம் பேசிப் பார்க்கலாமே, பி.பி.டி.க்குப் பதில் களப்பணி கொடுங்கள் என்று. அறுபது பேர் இருந்தால்தான் அது நடக்காது.

தாழையூத்துக்காரன்

அந்தச் சாரையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடு. கேட்க ஆள் இல்லாமல்தான் பலர் வாசித்துக்கொண்டே போகிறார்கள்.

ஈ.ஈ.ஈ. 2021 பேட்ச்

எதை எடுத்தாலும் சரி, நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினம், கிராம சபை உண்டு. அதற்கு மைனரும் வேண்டாம், கிரெடிட்டும் வேண்டாம். போய் ஃபிளெக்ஸை மட்டும் படித்துவிட்டு வா, அப்புறம் முடிவு செய்.

செகண்ட் இயர் பையன்

படிவம் வெள்ளிக்கிழமையே போய்விடும் அண்ணா. அதுவும் போக எங்கள் ஊர் நகராட்சி, கிராம சபை கிடையாது.

ஈ.ஈ.ஈ. 2021 பேட்ச்

நகராட்சி என்றால் ஏரியா சபை இருக்கிறது. எப்போது, எங்கே என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேள்.

செகண்ட் இயர் பையன்

கவுன்சிலர் எங்கள் பெரியப்பாதான். இதுவரை அப்படி ஒன்று இருப்பதாக வீட்டில் மூச்சு விட்டதில்லை. இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்கிறேன்.