மூணு மணிக்கே முழிப்பு: பிளான்ட் ஹெட்டுக்கு பர்ன்அவுட்டா, டிப்ரஷனா?

வாளையார்_ஷிப்ட்:
பாலக்காடு கஞ்சிக்கோடு பேக்டரிங்க பக்கம் எச்.ஆர். பார்க்கிறவங்க சொல்லுங்க. ஜி.எம். லெவல் ஆளுக்கு விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு, மீட்டிங்கில் சள்ளுனு விழறார். அசதியா, வியாதியா, எப்படிப் பிரிக்கிறது? இன்சூரன்ஸில் போட்டால் ஹெட் ஆபீஸ் காதுக்குப் போகுமா? தமிழில் பேச ஆள் உண்டா?

கணவாய்க்காத்து:
பர்ன்அவுட் நோய்ப் பட்டியலில் இல்லைங்க. ஐசிடி-11-ல (உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாடு) வேலை சார்ந்த நிலைன்னுதான் இருக்கு: அசதி, வேலைமேல் வெறுப்பு, 'செஞ்சு என்ன ஆச்சு'ங்கிற நினைப்பு. நாலு நாள் லீவு போட்டால் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். டிப்ரஷன் லீவுக்கும் கூடவே வரும். பேரன் பிறந்தநாளிலும் முகம் மலராது.

பிஎச்க்யூ-9ன்னு டிப்ரஷன் அளவைப் பார்க்கிற கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, அதை அவரே தனியா நிரப்பட்டும். 9 கேள்வி, கடந்த 2 வாரக் கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10-ஐத் தொட்டால் டாக்டர். ஒன்பதாவது கேள்வி சாகத் தோணுதாங்கிறது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் கூட்டிப் பார்த்துட்டு உட்கார வேண்டாம், அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் பி12 ரெண்டுக்கும் ரத்தம் எடுத்துடுங்க, தைராய்டு குறைஞ்சாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

நைட்_இன்சார்ஜ்:
ராத்திரி ரெண்டு பெக் உண்டான்னு முதலில் கேளுங்க. சரக்கு தூங்க வைக்கும், போதை இறங்கும்போது பின்னிரவில் எழுப்பியும் விடும். மெடிக்கலில் அல்பிரசோலம்னு பதட்டத்துக்கான மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடறது அதைவிட மோசம், பழகிடும்.

அப்புறம் அந்த பிரேக்டவுன் வாட்ஸாப் குரூப்! கம்ப்ரஸர் டிரிப் ஆனதுக்கெல்லாம் ஜி.எம்.மை எழுப்பினால் யார் தூங்குவா? தீ, ஆள் அடிபட்டது, லைன் முழுசா நின்னது, இந்த மூணுக்கு மட்டும்தான் போன் பண்ணணும்னு எழுதி கண்ட்ரோல் ரூமில் ஒட்டுங்க. மத்ததை ஷிப்ட் இன்சார்ஜ் முடிக்கட்டும்.

தாள்கட்டு:
2017 மனநலச் சட்டம் 21(4): உடம்பு நோய்க்குச் சமமா மனநோய்க்கும் காப்பீடு தரணும். ஆனால் நிறைய பாலிசி அட்மிஷனுக்குத்தான், அட்மிட் ஆகாமல் போய்ப் பார்க்கிற ஓ.பி. கவுன்சலிங் கைக்காசு. கம்பெனி எடுத்த குரூப் பாலிசி கிளெயிம் பல இடத்தில் எச்.ஆர். மேஜை வழியாத்தான் போகுது. அதனால் ஓ.பி.க்கு சொந்தக் காசே கட்டச் சொல்லுங்க. டாக்டர் வெளியே சொல்லக் கூடாதுன்னு அதே சட்டத்தில் பிரிவு 23 இருக்கு. அரசு மனநல போன் உதவி டெலி-மனஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். டாக்டர் மாத்திரை எழுதினால் பலன் தெரிய 2-4 வாரம் ஆகும். தேவலைன்னு பட்டதும் தானா நிறுத்தக் கூடாது.

வாளையார்_ஷிப்ட்:
மொத்தம் 7, 8 வந்தால்?

கணவாய்க்காத்து:
5-9 லேசானது. போன், சரக்கு ரெண்டையும் சரி பண்ணிட்டு 2 வாரம் கழிச்சு அதே தாளை மறுபடி நிரப்பச் சொல்லுங்க. உங்க கையில் வாங்கி வைக்காதீங்க, அவர்கிட்டயே இருக்கட்டும்.